மெட்டு வந்தது, தொண்டை வந்ததா? – இசை கேள்வி பதில்

இந்திப் படப் பாடல்களில் கலந்திருக்கும் நாட்டுப்புற இசையைப் பற்றியும், அங்கே பாடிய நாட்டுப்புறப் பாடகர்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே விடை பெறுகின்றன.

இலங்கை வானொலியின் இந்திச் சேவையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பழைய பாடல்களில் பல, கிராமத்துப் பாட்டுகளின் மறுவடிவம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் அவை எந்த ஊர்ப் பாட்டுகள்?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் 'இந்தி நாட்டுப்பாடல்' என்று ஒன்றைத் தேடிப் போனால் அகப்படாது. இந்தி என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் நிலப்பரப்புக்குள் போஜ்புரி, அவதி, பிரஜ், மைதிலி, ஹரியான்வி, மார்வாடி என்று ஒவ்வொன்றும் தனக்கென்று தாலாட்டும் கல்யாணப் பாட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. அவற்றோடு பஞ்சாபும் வங்காளமும் அசாமும் குஜராத்தும் கோவாவும் சேர்ந்துகொண்டன. பம்பாய்க்குப் பிழைக்க வந்த இசையமைப்பாளர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பாட்டை மடியில் முடிந்துகொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இந்தித் திரையிசையின் பாதி வரலாறு அந்த முடிச்சுகளை அவிழ்த்த கதைதான்.

முதல் முடிச்சு லாகூரில் அவிழ்ந்தது. 1941-இல் வந்த 'கஜாஞ்சி' படத்தில் இசையமைப்பாளர் குலாம் ஹைதர் பஞ்சாபி டோலக் மத்தளத்தின் துள்ளலை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலும் மேடை நாடகச் சாயலிலும் இராகச் சாயலிலும் நடை பழகிக்கொண்டிருந்த படப்பாட்டு, அந்தத் தாளத்தோடு ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் ஓ.பி. நய்யார் 'நயா தௌர்' (1957) படத்துக்குப் போட்ட பாட்டுகளில் கைதட்டலும் டோலக்கும் கேட்கிறதே, அது அந்த வழியில் வந்ததுதான், நய்யாரும் லாகூர்க்காரரே.

லக்னோவிலிருந்து வந்தவர் நௌஷாத். உத்தரப் பிரதேசத்துப் பெண்கள் மழைக்காலத்தில் ஊஞ்சல் கட்டிப் பாடும் கஜ்ரி, சித்திரை மாதத்தில் பாடும் சைத்தி, பிள்ளை பிறந்த வீட்டில் பாடும் சோஹர் ஆகியவற்றின் நடை அவருக்குக் கைவந்த ஒன்று. 1944-இல் 'ரத்தன்' பாடல்கள் வடநாடு முழுவதும் பரவியதற்கு அந்த நடை ஒரு முக்கியமான காரணம். சலில் சௌத்ரி அசாமின் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர். அவருடைய தந்தை அங்கே மருத்துவராக இருந்தார். தோட்டத் தொழிலாளர் பாட்டுகளின் சாயலை 'மதுமதி' (1958) படத்தின் மலைப்பாட்டுகளில் கேட்கலாம். கல்யாண்ஜி – ஆனந்த்ஜி குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்த குடும்பம் என்பதால் கர்பா என்ற குஜராத்தி ஆட்டப்பாட்டு அவர்களிடம் இயல்பாக வந்தது. 'பாபி' (1973) படத்தில் தங்கமும் வெள்ளியும் வேண்டாம் என்று தொடங்கும் பாட்டைக் கேட்டு ஆடிய பலருக்கு, அதில் ஆற்றைக் கடக்கப் படகோட்டியை அழைக்கும் கோவாவின் பழைய தெக்னி ஆட்டப்பாட்டு ஒன்று உட்கார்ந்திருப்பது தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெட்டு எவ்வளவு வந்தாலும், அதைப் பாடிய கிராமத்துத் தொண்டை அவ்வளவாக வரவில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதி, எப்படிச் சுற்றினாலும் இந்த இடத்துக்கே வந்து நிற்கின்றன.

இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன் ஏன் அவ்வளவு குறைவாகப் பாடினார்? அவர் குரலைக் கேட்டால் எனக்கு ஏனோ ஆற்றங்கரை நினைவுக்கு வருகிறது.
– வாசகி, திருச்சி

ஏனோ என்று ஐயப்பட வேண்டாம், அது ஆற்றங்கரையேதான். சச்சின் தேவ் பர்மன் இன்றைய வங்கதேசத்தில் உள்ள கொமிலாவில் 1906-இல் பிறந்தவர், திரிபுரா அரச குடும்பத்தவர். இளவரசராகப் பிறந்தும் அவர் காது படகோட்டிகளிடமும் பக்கிரிகளிடமும் போய் உட்கார்ந்தது. அந்த நிலத்துப் படகுப் பாட்டுக்குப் 'பாட்டியாலி' என்று பெயர். 'பாட்டா' என்பது நீர் வடிந்து இறங்கும் ஓட்டத்தைக் குறிக்கும் சொல். படகை நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிட்டுத் துடுப்புக்கு ஓய்வு கொடுத்த நேரத்தில் பாடுவது என்பதால், அதில் தாளக்கட்டு தளர்ந்திருக்கும். ஓர் எழுத்தைப் பிடித்து அக்கரை வரை நீட்டுவார்கள். நம் ஊர் ஏற்றப்பாட்டும் படகுப்பாட்டும் உழைப்பின் தாளத்தில் நடப்பவை. பாட்டியாலியோ கை சும்மா இருக்கும்போது பிறக்கும் பாட்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பாடியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

குறைவாகப் பாடினார் என்பதைவிட, கதாநாயகனுக்காகப் பாட மறுத்தார் என்பது பொருத்தம். தன் குரல் காதல் பாட்டுக்கு வாயசைக்கத் தோதானது அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'சுஜாதா' (1959), 'பந்தினி' (1963), 'கைட்' (1965), 'ஆராதனா' (1969) ஆகிய படங்களில் அவர் குரல் கதைக்கு வெளியே நின்று கதையைப் பார்க்கும் குரலாக வருகிறது. கூத்தில் கட்டியங்காரன் நிற்கும் இடம் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

'பந்தினி'யின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நூதன் ஏற்ற கல்யாணி, தன்னை மணக்கக் காத்திருக்கும் இளம் மருத்துவரிடம் போக வேண்டியவள். வழியில், நீராவிக் கப்பல் புறப்படும் கங்கைத் துறையில், ஒரு காலத்தில் தன்னைக் கைவிட்டுப் போன மனிதரை நோயாளியாகப் பார்க்கிறாள். ஒரு பக்கம் இரயில், மறு பக்கம் கப்பல்; இரண்டும் ஊதுகின்றன. அங்கே பர்மனின் குரல் எழுகிறது: படகோட்டியே, என் தலைவர் அக்கரையில் இருக்கிறார் என்று. அந்தக் குரலில் ஒரு விரிசல் இருக்கிறது. உச்சத்துக்கு ஏறும்போது ஓரத்தில் கீறலோடு உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே கீழே இறங்குகிறது. தேர்ந்த பின்னணிப் பாடகர் ஒருவர் அந்த விரிசலை மூடியிருப்பார். இங்கே பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. கல்யாணி என்ன முடிவெடுக்கப் போகிறாள் என்பதை அவளுக்கு முன்பே அந்தக் குரல் அறிந்திருப்பதுபோல் நமக்குத் தோன்றிவிடுகிறது. வசனம் ஏதும் அங்கே தேவைப்படவில்லை.

'ஆராதனா'வில் பாடியதற்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கிடைத்தது. மற்றவர்களுக்கு மெட்டமைத்தே பெயர் வாங்கிய ஒருவருக்கு, அறுபது கடந்த வயதில், பாட்டுக்காக!

கிராமத்துப் பெண் பாடுவதாக வரும் காட்சிகளுக்கும் லதா மங்கேஷ்கரின் மென்மையான குரலையே ஏன் பயன்படுத்தினார்கள்? கழனியில் நிற்கும் பெண் அப்படியா பாடுவாள்?
– வாசகர், தஞ்சாவூர்

பாட மாட்டாள். மழைக்காலத்தில் நாற்றங்கால் கரையில் நின்று அடுத்த வரப்பு வரைக்கும் கேட்கப் பாடும் பெண், மார்பிலிருந்து குரலை எழுப்பி, தொண்டையைத் திறந்து, மேல் சுருதியில் பாடுவாள். ஒலிவாங்கியை அறியாத குரலின் வழி அது. வடக்கே கல்யாண வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது, ஒருத்தி டோலக்கை வாசிக்க, இன்னொருத்தி எதிரே உட்கார்ந்து அதன் மரக்கட்டையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருப்பாள். டக், டக் என்று அந்தக் கரண்டி போடும் சத்தத்துக்கு மேலே எழும்ப வேண்டுமானால் குரலில் உலோகம் வேண்டும்.

அந்த உலோகம் ஷம்ஷாத் பேகத்திடம் இருந்தது. பஞ்சாபில் முற்றத்துப் பாட்டும் திருமணப் பாட்டும் பாடி வளர்ந்த குரல் அது, ஓ.பி. நய்யார் அதைக் கோயில் மணியோசைக்கு ஒப்பிட்டார். ஜொஹ்ராபாய் அம்பாலேவாலி, அமீர்பாய் கர்நாடகி ஆகியோரும் திறந்த குரல்காரர்களே. 1940-களின் இறுதியில் லதா வந்தபின் படிப்படியாக இந்தக் குரல்கள் ஒதுங்கின. நாட்டுப்பிரிவினையில் பலர் பாகிஸ்தானுக்குப் போனது ஒரு காரணம். ஒலிவாங்கியும் ஒலிப்பதிவும் மேம்பட்டதால் மெல்லிய குரலின் நெளிவுசுளிவுகளைப் பிடிக்க முடிந்தது இன்னொரு காரணம். கதாநாயகி என்றால் அடக்கமும் தூய்மையும் உடையவள் என்ற எண்ணம் மூன்றாவது காரணம்; திறந்த குரல் கூத்தாடிப் பெண்களுக்கு உரியது என்று படவுலகம் பிரித்து வைத்துக்கொண்டது. இந்தப் பிரிவினையில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

'மதர் இந்தியா' (1957) படத்தில் நௌஷாத் இதை எப்படிக் கையாண்டார் என்று கவனித்தால் சுவையாக இருக்கும். மணமகளை அனுப்பும் பாட்டையும் ஊரே கூடி ஆடும் ஹோலிப் பாட்டையும் ஷம்ஷாத் பாடுகிறார். தனியாக நின்று தாய் துயரப்படும் இடங்களை லதா பாடுகிறார். ஊருக்கு ஒரு குரல், ஒருத்தியின் உள்ளத்துக்கு ஒரு குரல். லதாவுக்கும் குறை சொல்வதற்கில்லை. 'கங்கா ஜமுனா' (1961) படத்தில் காணாமற்போன காதணியைத் தேடச் சொல்லும் பூர்வி (கிழக்கத்தி) நடைப் பாட்டில் அவர் சொற்களை வளைக்கும் அழகைக் கேட்டால், மராத்தி வீட்டில் பிறந்த பெண் பாடுவதாகத் தோன்றாது. ஆனாலும் அது கிராமத்துப் பாட்டை ஒரு மகா வித்துவாம்சினி பாடிக் காட்டுவதாகத்தான் கேட்கிறது.

'நாகின்' படத்தில் வரும் மகுடி இசை உண்மையான பாம்பாட்டி வாசித்ததா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. 1954-இல் ஹேமந்த் குமார் இசையில் வந்த அந்தப் படத்தில் மகுடியாக ஒலித்தது கிளாவியோலின் என்ற மேனாட்டு மின்னணு விசைக் கருவி. வாசித்தவர் கல்யாண்ஜி, ஆர்மோனியத்தில் துணை நின்றவர் இரவி. இருவரும் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் ஆனார்கள். இன்று நம் ஊர்த் திருவிழாவில் மகுடி வாசிப்பவர்கூட அந்தக் கருவியின் நகலைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

'தீஸ்ரி கசம்' பாடல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? மொழி புரியாவிட்டாலும் என் தந்தை அவற்றை விரும்பிக் கேட்பார்.
– வாசகி, கோயம்புத்தூர்

மகிழ்ச்சியோடு சொல்கிறேன். என்னைக் கேட்டால், இந்திப் படவுலகம் ஒரு வட்டாரத்தை அதன் வாசனையோடு பாட்டில் பிடித்து வைத்த படங்களில் முதலிடம் இதற்குத்தான். பிகாரின் பூர்ணியா பக்கத்து எழுத்தாளர் பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதையிலிருந்து வந்த படம். பாடலாசிரியர் ஷைலேந்திரா தம் பணத்தைப் போட்டுத் தயாரித்தார். அவருடைய குடும்பம் பிகாரின் ஆரா பக்கத்தைச் சேர்ந்தது; அவரோ இராவல்பிண்டியில் பிறந்து, மதுராவில் வளர்ந்து, பம்பாய் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். முன்னோர் ஊரின் பேச்சை அவர் இந்தப் படத்தில் திரும்பப் போய்த் தொட்டார் என்று சொல்லலாம்.

வண்டிக்காரன் ஹீராமன், நௌடங்கி நாடகக் கம்பெனியில் ஆடும் ஹீராபாயை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மேளா என்ற திருவிழாச் சந்தைக்குப் போகிறான். நௌடங்கி என்பது நகாரா முரசு அதிர, மேடையில் பாட்டாலேயே கதை நடத்தும் வடநாட்டுக் கூத்து. வழியில் ஹீராமன், மஹுவா கட்வாரின் என்ற பெண்ணின் ஊர்க்கதையைச் சொல்கிறான். சொல்லும்போதே அது பாட்டாகிறது. கதை சொல்லிப் பாடுவது, பாடிக்கொண்டே கதைக்குள் தானும் நுழைந்துவிடுவது என்ற நாட்டார் முறையை இவ்வளவு இயல்பாகப் படத்தில் கண்டதில்லை.

மன்னா டே பாடிய 'சலத் முசாஃபிர்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் வண்டிக்காரர்கள் டோலக்கும் தாளமுமாகக் கூடி உட்கார்ந்து பாடுகிறார்கள். கூண்டுக்குருவி ஒன்று வழிப்போக்கனை மயக்கிவிட்டதாம். அது பறந்து மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து இனிப்பின் சாறெல்லாம் உறிஞ்சுகிறது. அடுத்து ஜவுளிக் கடை, அடுத்து வெற்றிலைக் கடை. கடையின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் விடிய விடியப் பாடலாம். நம் கும்மிப் பாட்டிலும் இதே உத்தி உண்டு: சட்டகம் ஒன்று, அதில் இடத்துக்கு ஏற்ற சொல். பாட்டை எடுப்பவர் ஒருவர், பின்பாட்டு மற்றவர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் டோலக் கொஞ்சம் முந்துகிறது, பாடுகிறவர்களும் விரட்டிக்கொண்டு வருகிறார்கள், கடைசியில் சொல் கலைந்து தாளம் மட்டும் மிஞ்சுகிறது. படத்துக்கு இசையமைத்த சங்கர் – ஜெய்கிஷன் என்றால் நூறு வயலின்கள் என்பதுதான் அந்நாளைய பேச்சு. அவர்கள் இங்கே வாத்தியங்களைச் சுருட்டி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றதைப் பெருந்தன்மை என்றே சொல்வேன்.

படம் 1966-இல் வந்து வசூலில் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஷைலேந்திரா காலமானார். சிறந்த படத்துக்கான தேசிய விருது பின்னால் வந்தது.

எங்கள் ஆலையில் வேலை செய்யும் பிகார் இளைஞர்கள் தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு பெண்மணியின் பாட்டையே கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டால் 'சட்' பண்டிகைப் பாட்டு என்கிறார்கள். அவர் படங்களிலும் பாடியிருக்கிறாரா?
– வாசகர், திருப்பூர்

நீங்கள் கேட்டது அநேகமாக ஷாரதா சின்ஹாவின் குரலாக இருக்கும். சட் என்பது தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சூரிய வழிபாடு. ஆற்றிலோ குளத்திலோ இடுப்பளவு நீரில் நின்று, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் படையல் காட்டுவார்கள். ஊருக்குப் போக விடுப்புக் கிடைக்காத பிகார்க்காரருக்கு அந்தக் குரல்தான் ஊர். மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் கேட்கும் திருப்பாவை, ஊரை விட்டு வந்த நமக்கு என்ன செய்யுமோ அதை அவர்களுக்கு அது செய்கிறது.

1952-இல் பிகாரின் சுபௌல் மாவட்டத்தில் பிறந்தவர். மைதிலி, போஜ்புரி, மகஹி மொழிகளில் பாடியவர். சமஸ்திபூரில் கல்லூரியில் இசை கற்பித்தவர். படங்களில் பாடியவை மிகச் சில. 'மைனே பியார் கியா' (1989) படத்தில் ஒரு பிரிவுப் பாட்டு, 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' (1994) படத்தில் மகளை அனுப்பும் பாட்டு, 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' இரண்டாம் பாகத்தில் (2012) மின்கம்பியைவிட மெலிந்த கணவனைக் கேலி செய்யும் பாட்டு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. முதல் படத்தில் மற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை லதாவும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பாடியவை என்பதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுக்கு நடுவே திடீரென்று கொஞ்சம் மூக்கோடு, கொஞ்சம் மண்ணோடு இந்தக் குரல் வரும்போது, படத்துக்குள் யாரோ ஊரிலிருந்து வந்து நுழைந்ததுபோல் இருக்கும். பொருள் தேடிக் கல்கத்தாவுக்கும் அதற்கு அப்பாலும் போன ஆண்களை நினைத்து வீட்டில் இருந்த பெண்கள் பாடியதால், போஜ்புரிப் பாட்டில் பாதி பிரிவுப் பாட்டு. அந்தப் பிரிவை அவர் நடிப்பதில்லை, சொல்லிவிட்டுப் போகிறார்.

2024 நவம்பர் 5-ஆம் நாள், சட் பண்டிகையின் முதல் நாளில், டெல்லியில் காலமானார்.

ராஜஸ்தான் பாலைவனப் பாடகர்கள் இப்போது எல்லாப் படங்களிலும் வருகிறார்கள். இது எப்போது தொடங்கியது? ரேஷ்மாவும் இலா அருணும் அவர்களில் சேர்வார்களா?
– வாசகர், சென்னை

மூன்று வேறு வழிகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ரேஷ்மா நாடோடி பஞ்சாரா இனத்தவர். பிகானேர்ப் பக்கம் பிறந்து, பிரிவினையை ஒட்டிக் குடும்பத்தோடு பாகிஸ்தான் போனவர். சிந்து மாநிலத்துத் தர்கா ஒன்றில் சிறுமியாகப் பாடிக்கொண்டிருந்தவரை வானொலிக்காரர் ஒருவர் கேட்டு அழைத்து வந்தார். அவருடைய பஞ்சாபிப் பாட்டு ஒன்று 'பாபி'யில் லதா குரலில் மறுவடிவம் பெற்றது. பத்தாண்டு கழித்து, 'ஹீரோ' (1983) படத்துக்காக லட்சுமிகாந்த் – பியாரேலால் அவரையே பாட வைத்தார்கள். 'லம்பீ ஜுதாயீ' என்ற அந்தப் பாட்டில் அவர் தொண்டை கரகரத்து, உச்சத்தில் கிழிந்து, நிலைக்குத் திரும்பாமலேயே நிற்கிறது. மெட்டை வாங்கிக்கொள்வதும் தொண்டையை அழைத்து வருவதும் எவ்வளவு வேறு என்பதை அறிய, இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும்.

இலா அருண் நாடகமும் நாட்டார் பாட்டும் சேர்ந்து வளர்த்த கலைஞர், ஜெய்ப்பூரில் வளர்ந்தவர். 'லம்ஹே' (1991) படத்தில் லதாவோடு மயில் பாட்டைப் பாடினார். 1993-இல் 'கல்நாயக்' படத்தில் அல்கா யாக்னிக்குடன் பாடிய பாட்டு, ஆபாசம் என்ற புகாரால் நீதிமன்றம் வரை போனது. அந்த வம்புக்கு நடுவே ஒன்றை எல்லாரும் மறந்தார்கள்: கேலியும் சிலேடையும் கலந்து பெண்கள் தங்களுக்குள் பாடிக்கொள்ளும் வழக்கம் ராஜஸ்தான் கல்யாண வீடுகளில் பழையது. முற்றத்தில் பெண்கள் நடுவே பாடியதைத் திரையரங்கில் ஆண்கள் நடுவே வைத்தபோது பொருள் மாறிவிட்டது.

நீங்கள் முதலில் குறிப்பிட்டவர்கள் ஜெய்சால்மர், பார்மர் பக்கத்து மாங்கனியார்களும் லங்காக்களும். இவர்கள் பரம்பரைப் பாடகர்கள், இஸ்லாமியர்கள். மாங்கனியார்களை ஆதரித்த புரவலர் குடும்பங்கள் பெரும்பாலும் இந்துக்கள். அந்த வீட்டுப் பிறப்பும் திருமணமும் இவர்கள் பாட்டு இல்லாமல் நடவா. ஆட்டுத்தோல் போர்த்திய வட்ட வயிற்றோடு கமாய்ச்சா என்ற வில்வாத்தியம், இரண்டு கையிலும் இரண்டிரண்டு மரத்துண்டுகளைப் பிடித்துப் படபடக்கும் கர்த்தால், நமக்குப் பழக்கமான மோர்சிங்கின் உறவான மோர்சங் ஆகியவை இவர்கள் கருவிகள். 1960-இல் கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் போருந்தா கிராமத்தில் ரூபாயன் நிறுவனத்தைத் தொடங்கிப் பாட்டுகளைத் திரட்டியபின்தான் வெளியுலகம் இவர்களைக் கேட்டது. 1999-இல் 'ஹம் தில் தே சுக்கே சனம்' படத்து எலுமிச்சைப் பாட்டு இவர்கள் பாடிவந்ததே. படத்தில் பாடியவர் கவிதா கிருஷ்ணமூர்த்தி. மெட்டு வந்து பத்தாண்டுக்குப் பிறகு குரல் வந்தது: மாமே கான் 'லக் பை சான்ஸ்' (2009) படத்தில் பாடினார்; ஸ்வரூப் கான் 'பிகே' (2014) படத்தில் பாடினார்.

இங்கே ஒரு வேடிக்கை. கூலிக்கு ஒப்பாரி வைக்கும் ராஜஸ்தான் பெண்களைப் பற்றிய 'ருதாலி' (1993) படத்தின் புகழ்பெற்ற பாட்டு, பாலைவனத்தில் பிறந்ததே அல்ல. பூபேன் ஹசாரிகா பல ஆண்டுகளுக்கு முன் அசாமியப் படம் ஒன்றுக்கு அமைத்த தம் மெட்டையே குல்சாரின் சொற்களோடு அங்கே கொண்டுவந்து வைத்தார். மழைக்காட்டு மெட்டு மணலில் அப்படிப் பொருந்திப்போனது. வட்டாரத் தூய்மை பேசுகிற என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் இது.

'டெல்லி 6' படத்தின் 'சசுரால் கேந்தா ஃபூல்' ரஹ்மான் மெட்டா, நாட்டுப்பாடலா? நாட்டுப்பாடலை எடுத்துக்கொண்டால் யாருக்குப் பணம் போகும்?
– வாசகி, மதுரை

சத்தீஸ்கரில் பல பத்தாண்டுகளாகப் பாடப்பட்டுவந்த பாட்டு அது. புகுந்த வீட்டில் மாமியார் திட்டுகிறாள், நாத்தனார் சீண்டுகிறாள், கொழுந்தன் சமாதானம் சொல்கிறான். இடையே செண்டுமல்லிப் பூ. 2009-இல் ரஹ்மான் அதன் அடியில் நவீனத் தாளத்தைப் போட்டு, ரேகா பரத்வாஜ் முதலியோரைப் பாட வைத்தார். ரேகாவின் குரலில் வீட்டுப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடும் சலிப்பும் சிரிப்பும் இருப்பதால் எனக்குப் பிடிக்கும். மறு ஆண்டு வந்த 'பீப்ளி லைவ்' வேறு வழியில் போனது. அதில் நாடக இயக்குநர் ஹபீப் தன்வீரின் மகள் நகீன் தன்வீர், உடல் மண்ணால் ஆனது என்ற சத்தீஸ்கர்ப் பாட்டைத் தாமே பாடினார். விலைவாசியைப் பிசாசு என்று ஏசும் பாட்டை ரகுவீர் யாதவோடு மத்தியப் பிரதேசத்துக் கிராமத்துப் பஜனைக் குழு ஒன்றே பாடியது.

பணத்தைப் பற்றிய பதில் மகிழ்ச்சி தராது. இயற்றியவர் பெயர் தெரியாத பாட்டுக்குப் பதிப்புரிமை கோர ஆள் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் கலைக்கென்று தனிப் பாதுகாப்பும் இல்லை. அதில் இரண்டு வரி சேர்த்தவருக்கும் வாத்தியம் சேர்த்தவருக்கும் உரிமை கிடைக்கும். பாட்டை வாயில் வைத்துக் காப்பாற்றிய ஊருக்குக் கிடைக்காது. சில வேளை, இயற்றியவர் உயிரோடு இருந்தும் பாட்டு 'நாட்டுப்பாடல்' ஆகிவிடுகிறது. வங்காளத்தின் பீர்பூமைச் சேர்ந்த ரத்தன் கஹார் எழுதிய பாட்டின் வரிகளை 2020-இல் ராப் பாடகர் பாத்ஷா தம் தனிப்பாடலில் எடுத்தாண்டார். எதிர்ப்புக் கிளம்பியபின் ஐந்து லட்சம் ரூபாய் கஹாருக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனை கஹார்களுக்கு அப்படிக் கூச்சலிட ஆள் இருக்கிறார்கள்?

'தைய தையா' பாட்டுக்கும் நாட்டுப்புற இசைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், உதகமண்டலம்

உங்கள் ஊர் மலை இரயிலின் கூரைமேல் எடுக்கப்பட்ட பாட்டு என்பதால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உண்டு. அன்பு என்னை ஆட்டி வைத்தது என்ற பொருளில் பஞ்சாபி சூஃபிக் கவி புல்லே ஷா பாடிய வரிதான் வித்து. பஞ்சாபில் அதைத் தர்காக்களில் பாடுவார்கள். இந்தியில் சுக்விந்தர் சிங் பாடினார், தமிழ் 'உயிரே'விலும் அவர் குரல் இருக்கிறது.

'வாசேப்பூர்' படத்தில் ஆங்கிலமும் போஜ்புரியும் கலந்த ஒரு வேட்டைக்காரன் பாட்டு வருகிறதே, அது எந்த ஊர்?
– வாசகர், காரைக்குடி

டிரினிடாட். 1845-இலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கப்பலேறிய போஜ்புரி மக்களின் வழித்தோன்றல்கள், டோலக்கையும், இரும்புக் கம்பியைத் தட்டி வாசிக்கும் தந்தாலையும், கரீபியத் தாளத்தோடு சேர்த்து 'சட்னி' என்றே பெயரிட்ட இசையை உருவாக்கினார்கள். இசையமைப்பாளர் சினேகா கன்வல்கர் அங்கே போய், வேதேஷ் சூக்கு என்ற உள்ளூர்ப் பாடகரைப் பாட வைத்தார். அதே படத்துக்குப் பட்னா பக்கத்திலிருந்து இரண்டு பெண்களைக் கண்டுபிடித்து 'வுமனியா' பாட்டைப் பாட வைத்தவரும் அவரே. அதற்கு முன் 'ஓய் லக்கி லக்கி ஓய்' (2008) படத்துக்காக ஹரியானாவின் ராகினிப் பாட்டை ராஜ்பீர் என்ற சிறுவன் குரலில் பிடித்திருந்தார். பாட்டைத் தேடி ஊருக்குப் போவதைத் தொழிலாகவே வைத்துக்கொண்டவர்.

நாட்டுப்பாடல் படத்துக்குப் போனது சரி. படப்பாடல் நாட்டுக்குத் திரும்பியதுண்டா?
– வாசகி, நாகர்கோவில்

தாராளமாக. வடநாட்டில் இரவு முழுக்கக் கண்விழித்துப் பாடும் ஜாக்ரண் பஜனைகளில் பாதி, படமெட்டில் அம்மன் பெயரைப் போட்டுப் பாடுவது. கல்யாணப் பேண்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நௌஷாத் தம் திருமணத்தைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று உண்டு. இசைக்காரனுக்குப் பெண் தர மாட்டார்கள் என்று பயந்த அவர் வீட்டார், மாப்பிள்ளை பம்பாயில் தையல்காரர் என்று சொல்லிச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். 'ரத்தன்' பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டுக்காரர்கள் வாசித்ததும் 'ரத்தன்' பாடல்களே. இப்படிப் பாட்டுப் போட்டு நாட்டைக் கெடுப்பவன் எவன் என்று பெரியவர்கள் திட்டிக்கொண்டு வர, தையல்காரர் வாயைத் திறக்காமல் குதிரைமேல் உட்கார்ந்திருந்தாராம்.